குரோமட்சுவின் மொட்டையும் எங்கள் முதல் வேலும்

ஆடி 14, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டு மாடியில். போய் எடுக்கவில்லை. கோபம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். சித்திரையிலேயே டீக்கடையில் நின்று சொன்னேன். பத்துப் பேர் சாட்சி. இந்த வருஷம் கிருத்திகைக்கு முன்னால் பொதட்டூர்பேட்டைக்காரன் முதல் வேல் தனக்கு வேண்டும் என்று வந்து நிற்பான் என்றேன். கிழமை கூடச் சொன்னேன். புதனா வியாழனா, அது முக்கியம் இல்லை. வந்தானா? வந்தான்.

பெயர் தட்சணாமூர்த்தி. சித்தப்பா மகன். பவர்லூம் வைத்து லுங்கி ஓட்டுகிறான். இனிமேல் இந்த நோட்டில் த. என்று மட்டும். முழுப் பெயருக்கு மை செலவழிக்க மாட்டேன்.

பின்னால் எவனாவது மாற்றிச் சொல்வான் என்பதால் எழுதி வைக்கிறேன். எங்கள் வகையறாவில் இரண்டு கிளை. திருத்தணியில் நாங்கள் மூத்த கிளை, பொ.பேட்டையில் அவர்கள் இளைய கிளை. ஆடிக் கிருத்திகைக்கு எல்லாக் காவடியும் ஒன்றாக மலையேறும். காவடிகளுக்கு முன்னால் தாத்தா காலத்துப் பித்தளை வேல். அதைத் தூக்குகிறவர்தான் வகையறாவுக்குத் தலை. கல்யாணப் பத்திரிகையில் முதல் பெயர், சாவு வீட்டில் முதல் மாலை. அப்பாவுக்குப் பிறகு எங்கள் அண்ணன் சபாபதி. இதில் பேச்சே கிடையாது.

அண்ணிக்குப் பங்குனியில் வயிற்றில் ஆபரேஷன். பிழைத்தால் முடி கொடுக்கிறேன் என்று அண்ணன் வேண்டிக்கொண்டார். பிழைத்தார்கள். திங்கட்கிழமை மலையில் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். இன்று சந்தனம் காய்ந்த தலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது த. காரில் வந்து இறங்கினான். கூட நான்கு தடியன்கள். கையில் ஆரஞ்சுப் பழம்.

"அண்ணி எப்டி கீறாங்க" என்று ஆரம்பித்தான். பிறகு அண்ணன் தலையையே பார்த்தான்.

"மொட்ட போட்டுட்டியாண்ணா. அப்ப சரி. வேல நாங்க எடுத்துகினு போறோம்."

"இன்னாத்துக்கு?" என்றார் அண்ணன்.

"நான் சொல்லல. ஜப்பான் அண்ணன் சொன்னது."

என்னைக் கை காட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய், இன்னாடா சொன்ன?"

அந்த ஆரஞ்சுப் பையைத் தூக்கித் தெருவில் வைத்தேன். (எறிந்தேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.) கடைசியில் ஆர்.கே.பேட்டை பாவா தீர்த்து வைக்கட்டும் என்று போனார்கள். எங்கள் பெரியக்கா புருஷன். வகையறாவில் பெண் எடுத்தவர், பங்காளி இல்லை, அதனால் இரண்டு பக்கமும் அவர் சொன்னால் கேட்கும்.

மாத்திரை போட மறந்தேன்.

ஆடி 15, வியாழன்

காற்று, புழுதி. நேற்றைய கோபம் அப்படியே. சாப்பாட்டில் உப்பு இல்லை, அதற்கும் கத்தினேன்.

ஊரில் எனக்கு ஜப்பான் என்றுதான் பெயர். சும்மா வரவில்லை. ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஜப்பான் சார் ஒருவருக்கு ஆறு வருஷம் கார் ஓட்டினேன். (போன நோட்டில் ஒன்பது என்று இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.) எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் அவர் இங்கிலீஷ் எனக்கு மட்டுந்தான் புரியும். ஃபாக்டரி மானேஜரே என்னிடம் வந்து கேட்பார். போகிற வழியெல்லாம் சார் தன் ஊர்ப் பிரபுவின் கதை சொல்வார். குரோமட்சு பிரபு.

பங்குனியில் த.வின் பேத்திக்குக் காது குத்து. அண்ணன் அண்ணியோடு ஆஸ்பத்திரியில், அதனால் வீட்டு சார்பில் நான் போனேன். அங்கேதான் குரோமட்சு கதையை எடுத்துவிட்டேன். பந்தலில் ஒருத்தன் எழுந்திருக்கவில்லை. சமையல்காரன் கரண்டியோடு வந்து நின்றான்.

இன்று சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அங்க சொன்னத எனக்கும் சொல்லு. முழுசா."

சொன்னேன். ஏழு வயதில் குரோமட்சுவை அப்பனே எதிரி வீட்டில் விட்டுவிட்டு வந்தது. இசவா என்று அந்த எதிரி வகையறா. சண்டைக்கு வரமாட்டோம் என்பதற்குப் பெற்ற பிள்ளை ஜாமீன். இசவா வீட்டில் ஆறின சோறு, ஒரு துண்டு ஊறுகாய். பிள்ளை அழவில்லை. எந்த வாசலில் எவன் தூங்குவான் என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தான். அப்பன் செத்ததும் கோட்டையைச் சித்தப்பா வழி பிடித்துக்கொண்டது. (அங்கேயும் சித்தப்பாதான். எல்லா நாட்டிலும் தொல்லை அந்த வழியில்தான்.) பனி கொட்டுகிற நாளில், கணவாய் வழியாக, எவனும் வரமாட்டான் என்று இருந்தபோது பத்தாயிரம் பேரோடு வந்து இறங்கினான். காது குத்தில் நாற்பதாயிரம் என்று சொன்னதாக ஞாபகம். சித்தப்பா தலையிலிருந்த கொம்பு வைத்த இரும்புத் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டான். அந்தத் தொப்பி யார் வீட்டிலோ அந்த வீடுதான் தலை. நம் வேல் மாதிரி. மலைமேல் கோட்டை, அடிவாரத்தில் குளம். நம் மலை, நம் சரவணப் பொய்கை மாதிரி. சார் போனில் படமே காட்டினார்.

பிறகு முப்பது வருஷம் இசவாக்களோடு சண்டை. நடுவில் இசவா வீட்டுப் பெண்ணையே கட்டினார். மாமனாரோடும் சண்டை. கடைசியில் ஒரு நாள் தலையை மழித்துக்கொண்டு புத்தர் கோயிலுக்குள் போனார்.

இந்த இடத்தில் நான் பந்தலில் சொன்னது: "அந்த ஊர்ல ஒரு முறை. தலய மழிச்சவன் நாற்காலிய வெச்சிட்டான், பதவிய விட்டுட்டான்னு அர்த்தம். அன்னிக்கே தொப்பி அடுத்த கிளைக்கு. எவனும் கேக்க முடியாது. இந்த முறை எங்கேர்ந்து வந்துச்சி தெரியுமா? நம்ம மலையில இருந்து. இங்கேர்ந்து கப்பல் ஏறிப் போன ஒரு சாமியாரு அவங்களுக்குக் குடுத்தது. சார் சொல்லிகினே கண் கலங்கிட்டாரு."

பந்தல் அதிர்ந்தது. கைதட்டினதில் முதல் ஆள் த. அப்போதே அவன் கையைப் பிடித்து முறித்திருக்க வேண்டும்.

அண்ணன் இதை மட்டும் இரண்டாவது தடவை கேட்டார்.

"நம்ம மலையில இருந்து போனதுன்னு சாரே சொன்னாரா?"

"ஆங்."

தலையைத் தடவிக்கொண்டார். பிறகு, "அந்தப் பிரபுவுக்குத் தம்பி உண்டா?" என்றார்.

உண்டு என்றேன். அண்ணன் கோயிலுக்குள் இருந்தபோது கோட்டை வாசலைக் காத்தவன் தம்பி. எதிரி வந்து எவ்வளவு ஆசை காட்டியும் கதவைத் திறக்கவில்லை. இது சார் சொன்னது, அப்படியே.

"நல்ல தம்பி" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்கு என்ன அர்த்தம்? குத்தலா? எதற்கு என்னைக் குத்த வேண்டும்? வேலைக் கேட்டு வந்தவன் அவன்.

ஆடி 17, சனி

ஆர்.கே.பேட்டை போக வேண்டும். டவுன் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. ஆந்திரா பக்கத்துக் கூட்டம் இப்போதே வர ஆரம்பித்துவிட்டது. என் காலை மிதித்த ஆளைத் தெலுங்கில் திட்டினேன். அவன் தமிழில் மன்னிப்புக் கேட்டான். அதற்கும் கோபம்.

கொண்டுபோனவை: வாழைப்பழம், பாவாவுக்கு மூட்டு வலித் தைலம், குரோமட்சு கதையின் இரண்டாம் பாகம்.

இரண்டாம் பாகம் இதுதான். சார் சொன்னது. குரோமட்சு மொட்டை அடித்ததும் இசவாக்கள் ஆள் ஓய்ந்தான் என்று நினைத்துத் தொப்பியைக் கேட்டு வந்தார்கள். பிரபு மொட்டைத் தலையோடு கோயிலிலிருந்து நடந்து வந்தார். அதே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மயிர் இல்லாததால் முன்பைவிட நன்றாகப் பொருந்தியது. அடித்து விரட்டிவிட்டு, சாகிற வரை அவர்தான் தலை. நாற்காலியாவது, விடுவதாவது.

பாவா தைலத்தை முழங்காலில் தேய்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் மூடியை மூடினார்.

"இன்னா மச்சான், இந்த ரெண்டாவது பாகம் அன்னிக்கு எங்க போச்சி?"

"கொழந்தைக்கு காது குத்தினாங்களே பாவா. அது கத்தினதுல எல்லாரும் எழுந்துட்டீங்க."

"இப்ப உங்க அண்ணன் மொட்ட போட்டதும் ஞாபகம் வந்துச்சா?"

உண்மையைச் சொல்கிறவனை இப்படிக் கேட்டால் கோபம் வராதா? வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார். "ஜப்பான்காரன் இன்னா பண்ணான்றது எனக்கு வேணாம். அவன் ஆயிரம் பண்ணுவான். நம்ம மலையில இருந்து போன முறைன்னியே, அதாம்பா மனசுல நிக்கிது. எங்க அப்பா சொல்வாரு, இங்க எத்தனையோ முறை இருந்து அழிஞ்சி போச்சின்னு. அதுல ஒண்ணு அங்க பத்திரமா இருந்திருக்குது. அது நெசம்தான?"

அவர் கண்ணில் தண்ணீர். மூட்டு வலியாகவும் இருக்கலாம். பேத்தி காபியோடு நிற்கிறாள், மருமகள் கதவோரத்தில். எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

"நெசம்தான் பாவா" என்றேன்.

"அப்ப முடிஞ்சிது. வேலு இளைய கிளைக்கு. பரணி அன்னிக்கி பொய்கை கிட்ட எல்லாரும் வாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது. உட்காரவில்லை.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. கலந்த சாதம் அண்ணன் வீட்டில். கூப்பிட்டார்கள், போனேன். அண்ணன் பின்கட்டில் வேலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் தேய்ப்பார். இந்த வருஷம் நிறுத்தாமல் தேய்க்கிறார். நான் வாங்கித் தேய்க்கிறேன் என்றேன். தரவில்லை.

அண்ணி இலையில் புளிச்சாதத்தை வைத்தது வைத்த மாதிரி இல்லை, அறைந்த மாதிரி.

"என் வயித்த கிழிச்சி தெச்சதுக்கு அவரு மொட்ட போட்டாரு. உன் வாய தெக்க யாரு கிட்ட வேண்டிக்கணும் ஜப்பானு?"

"அண்ணி, அது சார் சொன்னது."

"உங்க சாரு. அவரு இங்க இருந்து போயி எத்தினி வருஷம் ஆவுது? ஒரு போன் போட்டாரா? உன் பேரு தெரியுமா அவருக்கு?"

டிரைவர்-சான் என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அதைச் சொல்லவில்லை. பாதிச் சாதத்தில் எழுந்தேன். எலுமிச்சை சாதம் நன்றாக இருந்தது, விட்டுவிட்டு வந்தது இப்போது வருத்தம்.

ஆடி 20, செவ்வாய்

டீக்கடை. பஜாரில் எங்கே பார்த்தாலும் காவடிக்குப் பூ, மயில் இறகு. த. அங்கே வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, முதல் வேலுக்கு மாலை ஆர்டர் கொடுக்கிறான். அவன் தலையை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். எனக்குத் தலையில் ஒரு மயிர் கிடையாது, எப்போதோ தானாக உதிர்ந்துவிட்டது. அவனுக்கு அடர்த்தியாக, சாயம் பூசி, எண்ணெய் மினுங்க, நடிகன் மாதிரி கிராப்பு. பாக்கெட்டில் சீப்பு. பேசிக்கொண்டே வாரிக்கொள்கிறான்.

"ஜப்பான் அண்ணா, டீ சாப்டு. உன்னாலதான் எங்க கிளைக்கு இந்த பாக்கியம்."

"வெக்கமா இல்லியாடா? அண்ணி ஆஸ்பத்திரியில இருந்து வந்து இன்னும் நேரா நிக்கல."

"கோச்சிக்காதண்ணா. நான் இன்னா திருடிகினா போறேன்? எங்க நைனா சாவற வரைக்கும் உங்க நைனாவுக்கு பின்னாலயே நடந்தாரு. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் முன்னால நடக்கறேன்னு கேட்டாரு. உங்க நைனா இன்னா சொன்னாரு தெரியுமா? மொற இல்லன்னாரு. இப்ப நீயே மொற சொல்லிகீற."

சித்தப்பா கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பொய்யாக இருக்கும். பொய் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. டீயைக் குடித்தேன், நன்றி சொல்லவில்லை.

ஆடி 22, வியாழன், பரணி

இன்று நடந்ததை நான் மூன்று நாளாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். (அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது. ஆனால் மூன்று நாள் கோபம் அதற்குள் இருந்தது.)

பொய்கைக்கரையில் துணிப்பந்தல். வகையறா முழுக்க. பாவா பிளாஸ்டிக் நாற்காலியில். அண்ணன் வேலை மஞ்சள் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி கொண்டுவந்தார். த. பட்டு வேட்டியில், சீப்போடு. அண்ணன் வேலை நீட்டினார். அப்போது நான் நடுவில் போய் நின்றேன்.

"பாவா, ஒண்ணு விட்டுப்போச்சி."

"மூணாவது பாகமா? அதுவும் கொழந்த கத்தினதுலதான் போச்சா?"

சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"வாங்குறவனும் மொட்ட போடணும் பாவா. மயிரு மேல அந்தத் தொப்பிய வெக்க மாட்டாங்க. குடுக்கறவரு தலையும் வாங்குறவரு தலையும் ஒண்ணா இருக்கணும்."

த. கை தலைக்குப் போனது. "இது அன்னிக்கி சொல்லல."

"முருகன் வேல வாங்கறதுக்கு முருகனுக்கு முடி குடுக்க மாட்டியா?"

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவன் பக்கத்துப் பெண்களே சொன்னார்கள். "மலையடிவாரத்துல நின்னுகினு யோசன பண்றாரு பாரு" என்று ஒரு அம்மா. அவன் பெண்டாட்டியே, "போய் குடுத்துட்டு வாங்க, வளந்துரும்" என்றாள். ஆடியில், திருத்தணியில், நூறு பேர் முன்னால் முடி கொடுக்க மாட்டேன் என்று எவன் சொல்வான்? போனான்.

திரும்பி வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. காது இரண்டும் தனியாக நின்றன. சந்தனம் வழிகிறது. கை பழக்கத்தில் சீப்பைத் தேடுகிறது. நான் அடிவயிற்றிலிருந்து சொன்னேன்:

"பாவா, பாத்துக்குங்க. இப்ப இவரும் மொட்ட. மொட்ட போட்டவரு நாற்காலிய வெச்சிட்டாரு."

பொய்கைத் தண்ணீரே குலுங்குகிற மாதிரி சிரிப்பு. பொ.பேட்டைத் தடியன்கள் உட்பட. குரோமட்சு கணவாயில் இறங்கினபோது கூட இப்படி இருந்திருக்காது. இனி வேல் அண்ணனுக்குத்தான் என்று திரும்பினேன்.

பாவா மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார்.

"முறைன்னா முறை. சபாபதியும் வெச்சிட்டான், இவனும் வெச்சிட்டான். அடுத்த ஆளு நீ."

"அவருக்கு முடியே இல்லியே" என்றான் எவனோ.

"அது தானா போனது. அவனா போடல" என்றார் பாவா.

இதற்கும் சிரிப்பு. நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் வேலை என் கையில் வைத்துவிட்டார். மஞ்சள் துணியை மடித்து என் தோளில் போட்டார். முகத்தில் ஒன்றுமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆடி 23, வெள்ளி, கிருத்திகை

முதல் வேல் தூக்கினேன். எழுதி வைக்க வேண்டியவை: கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. புத்தூர் பக்கத்துப் பெண்கள் காலில் விழுந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் சல்யூட் அடித்தார். (வியர்வை துடைத்திருக்கலாம்.) வேல் இவ்வளவு கனம் என்று அண்ணன் ஒரு வருஷமும் சொன்னதில்லை.

படியில் நின்று நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் காவடிகள், பம்பை, அரோகரா. அண்ணன் முன்வரிசையில் இல்லை. ரொம்பக் கீழே, பெண்களோடு, அண்ணியின் பால்குடத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் த. இரண்டு மொட்டை. குடம் சாயும்போது த. பிடிக்கிறான். ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாருக்காக நான் இவ்வளவும் செய்தேன்? அவனை மொட்டை அடிக்க வைத்தது யாருக்காக? முன்னால் நான் தனியாக வேலோடு, பின்னால் இவர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள். சாமி கும்பிட மறந்து இறங்கிவிட்டேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

ஆடி 24, சனி

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். கால் வீக்கம்.

வேலைத் துணியில் சுற்றி அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் சாம்பல் மாதிரி முடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது.

"உன் எடத்துல இருக்கட்டும்ணா. விளையாட்டு முடிஞ்சிது."

"இன்னாடா விளையாட்டு? முறை."

"அந்தப் பிரபுவே மீறினாருண்ணா. மொட்ட தலையோட வந்து தொப்பி போட்டுகினாரு. அது சத்தியமா சார் சொன்னது."

"அவங்க வாங்கினவங்க. வாங்கினவங்க மீறலாம். குடுத்தவங்க நம்ம. நம்ம மீறலாமா?"

வேலை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினேன்.

"எனக்கு ஒரே ஒரு கொறதான்" என்றார். "முன்னாலயே தெரிஞ்சிருந்தா, வேல மரியாதையா உன் கையில குடுத்துட்டு அப்பறம் போயி மொட்ட போட்டிருப்பேன். தெரியாம முறை தப்பிட்டேன். தட்சணா கிட்டயும் சொல்லிட்டேன், கோச்சிக்காதடான்னு. நீ நெனச்சிருந்தா அவன் கிட்ட விட்டிருக்கலாம். விடல. கதவ தொறக்காத தம்பிதான்டா நீயி."

குத்தல் இல்லை. முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே சொல்கிறார். பாவாவுக்காவது சந்தேகம் வந்தது. த.வுக்கு லாபம் இருந்தது. அந்தக் கதையைக் கடைசி எழுத்து வரை நம்பினவர் அண்ணன் ஒருத்தர்தான்.

"சார் நெசமா சொன்னாருல்ல? நம்ம மலையில இருந்துன்னு?"

அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

"ஆங்" என்றேன்.

வேலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். தெருவில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். இப்போது ஃபிரிட்ஜ் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். பூஜை அலமாரியில் உயரம் பற்றவில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்.

சாரைத் திருப்பதிக்கு ஒரு தடவை இந்த வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியில் மலை தெரிந்தது. என்ன மலை என்று கேட்டார். ஊர்ப் பெயர், சாமி பெயர், எங்கள் வேல், அண்ணன், எல்லாம் சொன்னேன். பாதியிலேயே தூங்கிவிட்டார். எழுந்த பிறகும் கேட்கவில்லை. குரோமட்சு உண்டு, இசவா உண்டு, மொட்டையும் தொப்பியும் உண்டு. (மூன்றாம் பாகம் வேறு கணக்கு, அது பொய்கைக்கரையில் பிறந்தது.) நம் மலையிலிருந்து போன முறை என்பது மட்டும் சார் சொன்னது இல்லை. அது நான் சேர்த்தது.